லினக்சில் வீட்டு ஒலிப்பதிவு

லினக்சில் வீட்டு ஒலிப்பதிவு என்பது, லினக்சு இயங்குதளம் கொண்ட கணினியுடன் ஒலிவாங்கியை இணைத்து, பேச்சு, பாட்டு, இசை ஆகியவற்றை வீட்டிலேயே பதிவு செய்தல் ஆகும். இதற்கான மென்பொருள்கள் பெரும்பாலும் கட்டற்றவை, இலவசமாகக் கிடைப்பவை. ஒலிக்கருவியைக் கணினி ஏற்கச் செய்வதே இதில் பலருக்கும் கடினமாக இருக்கும் பகுதி.

தேவை

குமரி மாவட்டக் கடலோர ஊரான தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் (1944–2019), அப்பகுதியின் பேச்சுமொழியைத் தம் புதினங்களில் எழுத்தாக்கினார். அவரது 'சாய்வு நாற்காலி' 1997 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. ஆனால் ஒரு வட்டாரப் பேச்சின் இழுப்பும் அழுத்தமும் எழுத்தில் முழுமையாக அடங்குவதில்லை. அதைப் பேசும் மூத்தோர் இருக்கும்போதே அவர்கள் குரலைப் பதிந்தாக வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகள் பலவற்றில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சு, டெபியனை அடிப்படையாகக் கொண்டது. பேச்சைப் பதிவதற்கு இத்தகைய பழைய மடிக்கணினியே போதும்.

ஒலி அமைப்பின் அடுக்குகள்

லினக்சில் ஒலி மூன்று அடுக்குகளைக் கடக்கிறது.

1. அல்சா: கருனியில் உள்ள ஒலி இயக்கிகளின் தொகுதி. யாரோசுலாவ் கைசெலா 1998 இல் தொடங்கிய இத்திட்டம், 2003 டிசம்பரில் வெளியான கருனி 2.6 இல் முதன்மை ஒலி அமைப்பானது.
2. ஒலி வழங்கி: பல செயலிகள் ஒரே ஒலிக்கருவியைப் பகிர்ந்துகொள்ள உதவுவது. அன்றாடப் பயன்பாட்டிற்குப் பல்சுஆடியோவும், இசைப்பதிவிற்கு ஜாக்கும் தனித்தனியே இருந்தன. இரண்டின் பணியையும் இன்று பைப்வயர் செய்கிறது. பெடோரா 34 (2021) அதை இயல்பிருப்பாக ஏற்றது.
3. செயலி: ஒடாசிட்டி, ஆர்டர் போன்ற பதிவு மென்பொருள்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

யுஎஸ்பி ஒலி இடைமுகம் வாங்குவோர், அது யுஎஸ்பி பொது ஒலித் தரத்தைப் பின்பற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அத்தகைய கருவிகளுக்குத் தனி இயக்கி தேவையில்லை. கருனியில் உள்ள பொது இயக்கியே போதும். பெட்டியின் மீது 'லினக்சு' என்று அச்சிடப்படாததால் மட்டும் ஒரு கருவியை ஒதுக்கத் தேவையில்லை.

கருவி இயங்காதபோது

கீழ் அடுக்கிலிருந்து மேலே செல்லும் வரிசையில் சோதித்தால் பழுது எந்த அடுக்கில் உள்ளது என்பது தெரிந்துவிடும்.

• முனையத்தில் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையை இட்டால் இணைந்துள்ள கருவிகள் பட்டியலாக வரும். பட்டியலில் இடைமுகம் இல்லையெனில் கம்பியையோ துளையையோ மாற்றிப் பார்க்க வேண்டும்.
• 'ஏரெக்கார்ட்' கட்டளையைச் சிறிய எல் விருப்பத்துடன் இட்டால், பதிவு செய்யவல்ல கருவிகளை அல்சா காட்டும். முதற்பட்டியலில் இருந்து இதில் இல்லையெனில் சிக்கல் பெரும்பாலும் இயக்கியில் உள்ளது.
• 'ஆல்சாமிக்சர்' திரையில் ஒலிவாங்கியின் அளவு சுழியமாகவோ முடக்கப்பட்டோ இருக்கலாம்.
• ஒலி அமைப்புகளில் உள்ளீடாக மடிக்கணினியின் சொந்த ஒலிவாங்கியே தேர்வாகியிருக்கலாம்.
• 'கருவி பயன்பாட்டில் உள்ளது' என்ற பிழை வந்தால், வேறொரு செயலி அதைப் பிடித்திருக்கிறது. பதிவுச் செயலியில் கருவியை நேரடியாகத் தேராமல் பைப்வயரைத் தேர்ந்தால் இது பெரும்பாலும் தீரும்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒலி வராவிட்டால் ஒலிவாங்கியின் வகையைக் கவனிக்க வேண்டும். இடைமுகத்துடன் இணைக்கும் கண்டென்சர் ஒலிவாங்கிகளுக்கு 48 வோல்ட் மின்னூட்டம் வேண்டும். அதற்கான பொத்தான் இடைமுகத்தில் இருக்கும். டைனமிக் வகைக்கு அது தேவையில்லை.

தாமதம்

கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்துக் கையாள்கிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வீதத்தில், 256 மாதிரிகள் கொண்ட தொகுதி நிரம்ப 5.3 மில்லிநொடி ஆகும். 1,024 மாதிரிகளுக்கு 21.3 மில்லிநொடி. பாடுபவர் தம் குரலைக் கணினி வழியே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடினால் சிறிய தொகுதியே ஏற்றது. ஆனால் அது மிகச் சிறிதானால் கணினி ஈடுகொடுக்க முடியாமல் ஒலி வெடித்து வெடித்துக் கேட்கும். பேச்சை மட்டும் பதிவோருக்குத் தாமதம் பொருட்டல்ல. 1,024 என்ற அளவே பாதுகாப்பானது.

பதிவின்போது

• கடலோர வீடுகளில் அலையோசையும் காற்றும் தாழ் அதிர்வெண் இரைச்சலாகப் பதியும். கடல் பக்கத்துச் சன்னலை அடைத்து, ஒலிவாங்கியைப் பேசுபவரிடமிருந்து ஒரு சாண் தொலைவில், வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் வைக்கலாம்.
• மின்விசிறியை நிறுத்த வேண்டும். தொடர்ந்த 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால், மின்னேற்றியைக் கழற்றி மின்கலத்தில் பதிந்து பார்க்கலாம்.
• ஒலியளவின் உச்சம் −12 முதல் −6 டெசிபல் வரை இருப்பது நல்லது. 0 ஐத் தொட்டுச் சிதைந்த ஒலியைப் பின்னர் முழுமையாகச் சீராக்க இயலாது.
• உப்புக்காற்றும் ஈரமும் ஒலிவாங்கியைக் கெடுக்கும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும்.

சேமிப்பு

24 பிட், 48,000 ஹெர்ட்சு ஒற்றைத்தட ஒலிக்கு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 518 மெகாபைட்டு தேவை. ஃபிளாக் வடிவில் சேமித்தால் தரம் குறையாமல் இடம் மிச்சமாகும். பேசியவரின் ஊர், நாள், பொருள் ஆகியவற்றையும் அவரது ஒப்புதலையும் உடன் குறித்து, இரு வேறு இடங்களில் படியெடுத்து வைத்தால்தான் அப்பதிவு பின்வருவோருக்குப் பயன்படும்.