மண்ணுக்குள் ஓடும் காவிரி

மேட்டூர் அணையை ஜூன் 12 ஆம் நாள் திறப்பது மரபு. அந்நீர் கல்லணையைக் கடந்து வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எனப் பிரிந்து வயல்களை நாடிச் செல்லும்போது, கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு பயணமும் தொடங்குகிறது. ஆற்றுநீரில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீராகிறது.

வயலில் முழங்காலளவு வெள்ளம் நின்றால் நிலத்தடி நீர் பெருகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. தஞ்சை வயல்களிற் பெரும்பாலானவை வண்டலும் களியும் கலந்தவை. களிமண் துகள்களுக்கிடையே உள்ள துளைகள் மிக நுண்ணியவை; நீர் அவற்றின் வழியே மெல்லத்தான் கசியும். மேலும், நடவுக்கு முன் சேற்றுழவு செய்வதால் உழவடிக்குக் கீழே ஓர் இறுகிய படலம் உண்டாகிறது. நெற்பயிருக்கு நீரைத் தேக்கித் தருவது அப்படலமே. நீர் கீழிறங்குவதைத் தடுப்பதும் அதுவே.

ஆற்றுப்படுகையின் இயல்பு வேறு. பருமணலின் இடைவெளிகளில் நீர் விரைந்து இறங்கும். அகன்ற மணற்பரப்புடைய கொள்ளிடத்தின் படுகையிலிருந்து பல ஊர்களுக்குக் குடிநீர் எடுக்கப்படுவது இதனாலேயே. மணலைக் கட்டடப் பொருளாக மட்டும் காண்பது பெரும்பிழை; அது நிலத்தின் வாய். அள்ள அள்ளப் படுகை தாழ்கிறது. அருகிலுள்ள கிணறுகளின் நீர்மட்டமும் உடன் தாழ்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழாகும். வடகிழக்குப் பருவமழை பொழியும்போது நிலம் ஏற்கெனவே நீரால் நிறைந்திருக்கும். நீர்மட்டம் பயிரின் வேர்வரை உயர்ந்துவிட, பெய்யும் மழைக்கு இறங்க இடமில்லை. வடிகால்களை ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டால், சம்பாப் பயிர் மூழ்கி அழுகும்.

அணை உரிய காலத்தில் திறக்கப்படாத ஆண்டுகளில் குறுவையைக் காப்பவை வடிமுனைக் குழாய்க் கிணறுகள். 2012 இல் செப்டம்பரில்தான் மேட்டூர் திறக்கப்பட்டது. ஆழ்குழாய் வசதி உடையோரே குறுவை நட முடிந்தது. அத்தகைய ஆண்டுகளில் சேமிப்பு கரைகிறது. நாகப்பட்டினம், வேதாரணியம் போன்ற கடலோரப் பகுதிகளில் அதன் விளைவு கடுமையானது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு மிகுந்த எடையுடையது. ஆகவே, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே 40 மீட்டர் ஆழம்வரை உவர்நீர் அணுகாது. அந்த ஒரு மீட்டரை இறைத்துவிட்டால், உவர்நீர் காலப்போக்கில் மேலேறும். ஏறிய உப்பை வெளியேற்ற ஒரு மழைக்காலம் போதாது.

2018 ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. 22 ஆம் நாள் முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில உடைந்தன. கொள்ளிடத்தில் பெருக்கெடுத்த வெள்ளம் கடலை அடைந்தது. அதே நாள்களில் கடைமடை உழவர்கள் வாய்க்காலில் நீருக்காகக் காத்திருந்தனர்.