வானத்தைச் சுட்டால்…

கல்யாண ஊர்வலத்தில் ஆகாயத்தை நோக்கிச் சுடுகிறவர், சத்தம் அடங்கியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். குண்டு தரைக்கு வந்து சேர இன்னும் முக்கால் நிமிடம் ஆகும்.

1920 வாக்கில் அமெரிக்க ராணுவத்தினர் ஃபுளோரிடாவில் நீர்ப்பரப்பின் நடுவே மேடை கட்டி, துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்திச் சுட்டுப் பார்த்தார்கள். ராணுவ அதிகாரி ஜூலியன் ஹாட்சரின் பதிவுப்படி, நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்பிய குண்டு 18 நொடியில் சுமார் 2.7 கிலோமீட்டர் ஏறியது. இறங்க 31 நொடி எடுத்தது. 500க்கும் மேற்பட்ட குண்டுகளில் மேடையில் விழுந்தவை நான்கே. மற்றவற்றைக் காற்று எங்கெங்கோ தள்ளிவிட்டது.

விழும் குண்டைப் புவியீர்ப்பு இழுக்கிறது, காற்று தடுக்கிறது. இரண்டும் சமமானதும் வேகம் கூடுவது நின்றுவிடும். ஃபுளோரிடாவில் சுட்ட குண்டுக்கு அந்த வேகம் நொடிக்கு 90 மீட்டர். தோலைத் துளைக்க நொடிக்கு ஏறத்தாழ 60 மீட்டர் போதும்.

கையில் பிடித்துச் சுடுகிற யாரும் நேர் செங்குத்தாகச் சுடுவதில்லை. சாய்வாகப் போகும் குண்டு சுழற்சி குலையாமல், மூக்கு முன்னோக்கியே பறக்கும். அதனால் இன்னும் வேகமாக வந்து விழும். பெங்களூரு காக்ஸ் டவுனில் மொட்டைமாடி ஒன்றிலிருந்து 9 மி.மீ. கைத்துப்பாக்கியால் அப்படிச் சுட்டால், குண்டு ஒன்றரை கிலோமீட்டரையும் தாண்டும். பக்கத்து ஃபிரேசர் டவுனில் யார் வீட்டு மாடியிலும் அது விழலாம். பெங்களூரு கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு. குண்டு விழும் வேகம் சென்னையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

1999இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில், வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்ற 14 வயதுச் சிறுமி இப்படி வந்த குண்டுக்குப் பலியானாள். பெற்றோர் ஊரைத் திரட்டிப் போராடினார்கள். மறு ஆண்டே அரிசோனா மாநிலம், நகர எல்லைக்குள் அஜாக்கிரதையாகச் சுடுவதைப் பெருங்குற்றமாக்கியது. அவள் பெயரால் அது ஷானன் சட்டம் எனப்படுகிறது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத் திருத்தம், கொண்டாட்டத்தில் பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி சுட்டால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. குண்டு யார்மேலும் படவேண்டும் என்பதில்லை.

அடிபட்டவருக்குச் சுட்டவர் யாரென்று தெரியாது; வெடிச்சத்தம்கூடக் கேட்டிருக்காது. சுட்டதைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் கல்யாணத்துக்கு வந்தவர்கள்தான். அவர்கள் கைதட்டாமல் 112ஐ அழைத்தால்தான் இந்தச் சட்டத்துக்கு உயிர் வரும்.