24 பிட் பாட்டு: காதுக்கா, ஹார்ட் டிஸ்க்குக்கா?

'ஹை-ரெஸ்' என்று கூடுதல் விலைக்கு விற்கும் பாடல்களை டவுன்லோட் செய்யும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடியோ சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 பிட்டில் பதிவாகிறது. ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 53 எம்.பி. அதுவே 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் 346 எம்.பி. (ஃப்ளாக் ஃபைலாகச் சுருக்கினால் இரண்டும் குறையும்.)

கூடுதலாகக் கிடைப்பது என்ன? சிடியே 22 கிலோஹெர்ட்ஸ் வரை பிடித்துவிடுகிறது. இளம் காதுக்கே எல்லை 20தான். வயதானால் அதுவும் இறங்கும். 16 பிட் தரும் ஒலி இடைவெளி 96 டெசிபல். மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டா பாட்டுக் கேட்கிறோம்? நம்மூர் டி.எம்.சௌந்தரராஜன் 1960களில் பாடிய பாடல்களை 24 பிட்டில் ஏற்றினால், பழைய டேப்பின் இரைச்சல்தான் இன்னும் துல்லியமாகப் பதிவாகும்!

அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த சோதனை முடிவு 2007இல் வெளியானது. உயர்தர ஒலியையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மறைத்துவைத்து 554 முறை கேட்கச் செய்தார்கள். சரியாகச் சொன்னது 276 முறை. காசு சுண்டினாலும் இதே பலன்தான். பல சோதனைகளைச் சேர்த்து அலசிய 2016 ஆய்வில் 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகள் சற்று மேல்.

'எனக்கு வித்தியாசம் தெரிகிறதே' என்கிறீர்களா? அது பெரும்பாலும் புதிதாக மாஸ்டரிங் செய்ததன் வித்தியாசம். ஹை-ரெஸ் ஃபைலிலிருந்தே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் நகல் எடுங்கள். ஃபூபார்2000 மென்பொருளில் ஏபிஎக்ஸ் இணைப்பைச் சேர்த்து, 16 முறை ஒப்பிடுங்கள். 12 சரியாக வந்தால் தாராளமாக வாங்கலாம். வராவிட்டால் அந்தக் காசில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். வயர் உள்ளதாக இருக்கட்டும். சாதாரண ப்ளூடூத் ஒலியை எப்படியும் சுருக்கித்தான் அனுப்பும்.