சாணையும் எமது கைகளும்

பலேர்மோ ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலிருந்து சற்றே நடந்தால் பல்லாரோச் சந்தை. அங்குள்ள மீன் மேடைகளிலும், எம்மவர் உழைக்கும் சமையலறைகளிலும் கத்தியின்றி வேலையில்லை. ஊரில் சாணைக்காரர் வரும்வரை காத்திருந்தோம். இங்கு உராய்தாள் பெல்ட் சுழலும் இயந்திரச் சாணையில் நாமே தீட்டத் துணிகின்றோம். துணிவு மட்டும் போதாது. பிடியும் அறிதல் வேண்டும்.

பெல்ட் கத்தியின் முதுகிலிருந்து கூர்வாயை நோக்கி ஓடவேண்டும். அது கீழ்நோக்கி ஓடுமாயின் கூர்வாய் கீழே இருக்கட்டும். எதிர்த்து நின்றால் கூர்வாய் பெல்டைக் கிழிக்கும். கத்தியும் கையைவிட்டுப் பறக்கும். ஒரு கை கைபிடியிலும், மறுகை விரல்கள் அலகின் முதுகோரத்திலும் இருக்கட்டும். முழங்கைகளை விலாவோடு அணைத்து, உடலையே மெல்ல அசைத்துக் கத்தியை நகர்த்துக. நுனி பெல்டைத் தாண்டுமுன் எடுத்துவிடுக.

கையுறை காக்கும் என எண்ணுவோர் உளர். பெல்ட் அதன் துணியைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும். வெறுங்கையோ சூட்டை உடனே உணரும். உணர்ந்ததும் அலகை நீரில் தோய்க்க. அலகில் நீலம் படர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது. உருக்கின் பதம் போயிற்று. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும், தூசுக்கு முகமூடியும் அவசியம்.

மழுங்கிய கத்தியை நாளையும் தீட்டலாம். கடல் கடந்து நாம் கொண்டுவந்த கைகளுக்கோ மாற்றில்லை.