இளைத்தவரின் கொழுப்பு எங்கே போனது?

"சோற்றையும் சர்க்கரையையும் குறைத்தேன், முட்டை, மீன், பயறு என்று சாப்பிட்டேன். ஒரே வாரத்தில் 2 கிலோ இறங்கிவிட்டது!" என்று பெரியவர்கள் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது புதிய வழக்கம் அல்ல. லண்டனைச் சேர்ந்த வில்லியம் பான்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை விட்டு, ஓராண்டில் ஏறக்குறைய 20 கிலோ இளைத்தார். அதைப் பற்றி 1863-இல் சிறு நூலும் எழுதினார்.

உடம்புக்குள் என்னதான் நடக்கிறது?

முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். சோறு போன்ற உணவில் உள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற பொருளாகச் சேமிக்கின்றன. பெரியவர்களின் உடம்பில் இது ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்தால் இந்தச் சேமிப்பு கரையும். அதோடு இருந்த தண்ணீரும் வெளியேறும். மறுபடி வழக்கம்போல் சோறு சாப்பிட்டால் அந்த எடை திரும்பிவிடும்.

கொழுப்பு குறைவதற்குக் காரணம் வேறு. முட்டை, மீன், பயறு ஆகியவற்றில் உள்ள புரதம் சாப்பிட்டால் வயிறு நிறைந்த உணர்வு நெடுநேரம் நீடிக்கும். "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்களைக் குடல் கூடுதலாகச் சுரக்கும். அதனால் யாரும் சொல்லாமலேயே சாப்பாட்டின் அளவு குறைகிறது. புரதத்தைச் செரிப்பதற்கும் செலவு அதிகம். 100 கலோரி புரதத்தில் 20 முதல் 30 கலோரி அந்த வேலைக்கே போய்விடும். மாவுச்சத்துக்கு 5 முதல் 10 கலோரி போதும்.

இப்படி வரவு குறைந்து செலவு மிஞ்சும்போதுதான், உடம்பு தன்னிடம் உள்ள கொழுப்பை எரிக்கிறது. ஆகவே மாவுச்சத்தைக் குறைப்பது மட்டுமே வழி என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 609 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழு மாவுச்சத்தைக் குறைத்தது. மற்றது கொழுப்பைக் குறைத்தது. ஓராண்டு முடிவில் இரு குழுவினரும் சராசரியாக 5 முதல் 6 கிலோ இளைத்திருந்தார்கள். பெரிய வேறுபாடு இல்லை.

சரி, எரிந்த கொழுப்பு எங்கே போகிறது? மூச்சுக்காற்றில்! 10 கிலோ கொழுப்பு எரிந்தால், அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே வெளியேறும். மீதி 1.6 கிலோ நீராகிவிடும். அப்படியானால் வேகவேகமாக மூச்சு விட்டு இளைக்கலாமா? முடியாது. தசைகள் உழைத்தால்தான் கொழுப்பு கூடுதலாக எரியும்.

நீங்கள் வளரும் பிள்ளைகள். உங்கள் மூளையும் தசையும் எலும்பும் வளர எல்லாச் சத்துகளும் வேண்டும். எனவே மருத்துவர் சொல்லாமல் எந்த உணவுக் கட்டுப்பாட்டையும் தொடங்காதீர்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்கும் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். சோறு, பருப்பு, காய், கீரை, பழம், முட்டை எல்லாம் அளவாகச் சாப்பிடுங்கள். மாலையில் வியர்க்க வியர்க்க ஓடி விளையாடுங்கள்!