தொலைந்த அட்டையும் பூட்டிய வீடும்

ரயில்வே குமாஸ்தா ஒருவன் தன் தாயாரின் பையை ஆட்டோவில் மறந்துவிட்டான் என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் எனக்கு அவ்வாறே நேர்ந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்மா நாக்பூருக்கு வந்திருந்தார். நிலையத்தில் பெட்டி, படுக்கை, ஊறுகாய் ஜாடி, முறுக்கு டின் எல்லாவற்றையும் எண்ணி ஏற்றினேன். வீட்டு வாசலில் எண்ணி இறக்கினேன். அம்மாவின் மடியருகே இருந்த சிறு துணிப்பை மட்டும் என் கணக்கில் சேரவில்லை. ஆட்டோ தெருமுனை தாண்டிய பிறகுதான், "தம்பி, ஆதார் அதிலேதான் இருந்தது" என்றார்.

பையிலிருந்த பணத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. காலஞ்சென்ற என் தந்தையார் இருப்புப்பாதைத் தொழிலாளி. அம்மாவுக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். ஆண்டுதோறும் நவம்பரில், தாம் உயிருடன் இருப்பதற்குச் சான்று அளிக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் தாமும் இல்லையென்று எழுதிவிடுவார்களோ என்பதே அவருடைய அச்சம்.

அன்று மாலையே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற்றோம். புதிய ஆதார் அட்டை பெறுவதற்கு அந்த ஒப்புகை தேவைப்படவில்லை. ஆயினும் அட்டை அந்நியர் கையில் சிக்கித் தவறாகப் பயன்பட்டால், இன்ன தேதியிலேயே தெரிவித்துவிட்டோம் என்பதற்கு அது சாட்சியாகும்.

அட்டை போனால் ஆதார் போய்விட்டதாகப் பலரும் கலங்குகிறோம். மஹாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து டெம்ப்லி கிராமத்தில், 2010 செப்டம்பர் 29 அன்று முதல் ஆதார் வழங்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை, ஒருவருக்குக் கொடுத்த 12 இலக்க எண் மாறுவதில்லை. அட்டை அந்த எண்ணைத் தாங்கிய தாள், அவ்வளவே. எண்ணும் மறந்துபோனால், பதிவு செய்த நாளில் கொடுத்த சீட்டு உதவும். அதிலுள்ள 14 இலக்கங்களையும் தேதி நேரத்தின் 14 இலக்கங்களையும் சேர்த்துக் கொடுத்து எண்ணைப் பெறலாம். 1947 என்ற தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசி வழி கேட்கலாம். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மருத்துவ அட்டைக்காக முன்பு எடுத்த ஒளிப்பிரதி என் பெட்டியில் இருந்தது.

சிரமம் வேறிடத்திலிருந்து வந்தது. இணையத்தில் இ-ஆதாரை இறக்கிக்கொள்ளக் கட்டணமில்லை, ஆனால் ஓ.டி.பி. என்னும் கடவு எண், பதிவு செய்த கைப்பேசிக்குத்தான் செல்லும். அம்மாவின் ஆதாரில் இருந்ததோ அப்பாவின் எண். அவர் மறைந்தபின் யாரும் அதற்குப் பணம் கட்டவில்லை. அழைத்துப் பார்த்தோம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஓர் இளைஞர் எடுத்தார். அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி, "ஒன்றுமில்லை அப்பா, நல்லா இரு" என்று சொல்லி வைத்துவிட்டார். இப்படிக் கைமாறிய எண்ணை ஆதாரில் விட்டுவைத்திருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனையோ! 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் பயணச்சீட்டு எடுக்கவும் ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்றாகிவிட்டதால், இது அட்டை தொலைத்தவர்களுக்கு மட்டும் உரிய கவலையன்று.

பிளாஸ்டிக் அட்டைக்குப் பதிவில்லாத கைப்பேசியைக் கொண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அறிந்து, அன்றைய கட்டணமான 50 ரூபாயைச் செலுத்தினேன். வேலை முடிந்ததென்று காப்பி குடித்துக்கொண்டிருக்கையில்தான் உறைத்தது: அட்டை விரைவுத் தபாலில் ஆதாரிலுள்ள விலாசத்துக்குச் செல்லும். அந்த விலாசம் ஊரில் நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீடு! சாவி இங்கே ஆணியில் தொங்குகிறது. தபால்காரர் எங்கள் குடும்பத்தை அறிந்தவராதலால், பக்கத்து வீட்டு அத்தையிடம் அதைக் கொடுத்துச் சென்றார். நகரத்துத் தெருவாயிருந்தால் வந்த வழியே திரும்பியிருக்கும்.

நவம்பர் நெருங்கியது. அம்மாவை ஆதார் மையத்துக்கு அழைத்துச் சென்றேன். கைப்பேசி எண்ணை மாற்ற ஆவணம் எதுவும் கேட்கவில்லை; அன்று 50 ரூபாய் கட்டணம், ஆள் நேரில் இருந்தால் போதும். ஆனால் நாற்று நட்டும் பாத்திரம் தேய்த்தும் வழவழத்துப்போன விரல்களை இயந்திரம் ஏற்க மறுத்தது; கருவிழியைக் கொண்டே அடையாளம் கண்டார்கள். அங்கிருந்த இளைஞர், "ஆட்நாவ் என்ன?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். குடும்பப் பெயர் எங்களுக்கு இல்லை. தலைப்பெழுத்துத்தான் உண்டு என்று விளக்கினேன்.

இவ்விடத்தில் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வருமான வரியின் பான் அட்டை தலைப்பெழுத்தை விரித்து எழுதச் சொல்லும். ஆதாரிலோ பலருக்கு எழுத்தும் புள்ளியுமாக நிற்கும். தொலைந்த அட்டையை வாங்கப் போன இடத்தில், யாரோ கேட்டார்கள் என்று பெயரைத் திருத்திவிட வேண்டாம். ஆதாரில் பெயரை ஆயுளில் இருமுறைதான் மாற்ற அனுமதி. முதலில் உள்ளபடியே அட்டையைப் பெறுங்கள். பிறகு எல்லா ஆவணங்களையும் ஒருங்கே பரப்பி வைத்து, எதைத் திருத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

சில நாட்களில் புதிய எண் பதிவாகி, இ-ஆதாரும் வந்தது. அட்டைக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு. ஆனால் திறக்கவில்லை! பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளோடு பிறந்த ஆண்டைச் சேர்த்து அடிக்க வேண்டும். நான் தலைப்பெழுத்தை விட்டுவிட்டு மூன்று முறை முயன்று தோற்றேன். தலைப்பெழுத்து, அதையடுத்த புள்ளி, பெயரின் முதல் இரண்டு எழுத்து: நம்மவருக்கு இதுவே நான்கு. புள்ளியும் ஓர் எழுத்தாக மதிக்கப்படும் இடம் இது ஒன்றுதான் போலும்.

உயிர்ச் சான்றை வீட்டிலிருந்தே கைப்பேசியில் அளித்தோம். முகம் பார்த்து உறுதி செய்யும் இவ்வசதி 2021 நவம்பரில் ஏற்பட்டது. ஆதார் எண், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவை கேட்கப்பட்டன. அட்டையை யாரும் கேட்கவில்லை. கண்ணைச் சிமிட்டும்படி திரை சொன்னது. "உயிரோடு இருக்கிறதற்கு இவ்வளவுதானா?" என்று அம்மா சிமிட்டினார்.

விலாசத்தையும் நாக்பூருக்கு மாற்றிவிடலாம் என்றேன். என்னுடையதை மாற்றிக்கொண்டாயிற்று, வாக்காளர் பட்டியலிலும், இரண்டு இடத்தில் பெயர் இருத்தல் சட்டப்படி கூடாதாகையால், படிவம் 8 மூலம் இங்கே மாறிவிட்டேன். அம்மா சம்மதிக்கவில்லை. குடும்ப அட்டை தமிழ்நாட்டு அரசு கொடுத்தது, வாக்கும் அங்கேதான், பாதி ஆண்டு அங்கேதான் இருக்கிறேன் என்று காரணங்கள் அடுக்கினார். பிறகு சற்று நேரம் கழித்து, "அந்த வாசல் நம்பர் உங்கப்பா பெயின்ட் அடிச்சு எழுதினது" என்றார். நான் மேலும் வற்புறுத்தவில்லை.

2025 பொங்கல் கழித்து ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அத்தையிடமிருந்து உறையை வாங்கி வந்தார். அரிசிப் பானைக்குள் பத்திரப்படுத்தியிருந்தாராம். பிரித்தபோது தவிடு உதிர்ந்தது.