அடுத்த ஞாயிறும் ஒரு கார் வேண்டும்

வட கரோலினாக்காரரான ஜே. டி. மெக்டஃபி 1963-இல் அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தயங்களில் ஓட்டத் தொடங்கினார். 1991 ஆகஸ்டில், நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார். வயது 52. அது அவருடைய 653-ஆவது பந்தயம். அத்தனையில் ஒன்றைக்கூட அவர் ஜெயித்ததில்லை.

பாவம் என்று உச்சுக்கொட்டுவதற்கு முன் எதிர்ப்பக்கக் கணக்கையும் பார்த்துவிடலாம். ரசிகர்கள் ‘ராஜா’ என்று அழைக்கும் ரிச்சர்ட் பெட்டி 200 பந்தயங்களை ஜெயித்தவர். அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட இன்னும் யாரும் போகவில்லை. ஆனால் அவர் ஓட்டியது 1,184. ஆக, 984 தடவை கோப்பையை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஏறக்குறைய நாற்பது கார்கள் ஒன்றாகப் புறப்படும் ஆட்டத்தில் தோற்பதுதான் வாடிக்கை. அதனால் அமெரிக்க ஸ்டாக் கார் ஓட்டுநரின் தொழில் வாழ்க்கையை வெற்றிக் கணக்கை மட்டும் வைத்து எடைபோட்டால் பாதிதான் புரியும். மீதிப் பாதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓட்ட அவருக்கு யார் கார் தருகிறார்கள் என்பதில் இருக்கிறது. இருபத்தெட்டு வருடம் கார் கிடைத்துக்கொண்டிருந்த மெக்டஃபியை அந்த வகையில் தோற்றவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஸ்டாக் கார் என்றால் ஆரம்பத்தில் கடையில் யாரும் வாங்கக்கூடிய கார்தான். டேட்டோனா பீச்சில் பில் பிரான்ஸ் என்பவர் ஓட்டுநர்களையும் பந்தயம் நடத்துபவர்களையும் ஒரு ஹோட்டலில் கூட்டிப் பேசி, 1948-இல் நாஸ்கார் அமைப்பைத் தொடங்கினார். வாங்கிய காரை வாங்கியபடியே ஓட்ட வேண்டும் என்பது 1949 ஜூனில் ஷார்லட் நகரில் நடந்த இவ்வகை முதல் பந்தயத்தின் விதி. முதலில் வந்தவர் கிளென் டனவே. சோதித்துப் பார்த்தால் அவருடைய காரின் பின்பக்க ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தார்கள். கள்ளச்சாராயம் ஏற்றிப்போக வசதியாகச் செய்த வேலை அது. வெற்றி ரத்தாகி, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது.

அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பலருக்கு ஓட்டுப் பயிற்சிப் பள்ளியே கள்ளச்சாராயம்தான். மலையடிவாரக் கிராமங்களில் காய்ச்சியதை இரவோடு இரவாக, முகப்பு விளக்கைக்கூட அணைத்துவிட்டு, போலீசுக்குத் தண்ணி காட்டி ஊருக்குள் கொண்டுபோனவர்கள். அவர்களில் பெரிய பெயர் ஜூனியர் ஜான்சன். சாலையில் துரத்தி அவரை யாரும் பிடித்ததில்லை. 1956-இல் மாட்டிக்கொண்டதும் அப்பாவின் சாராய ஊறல் இருந்த இடத்தில்தான். பதினோரு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்து, மொத்தம் 50 பந்தயங்களை ஜெயித்தார். 1986-இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

இன்று தொழிலையே ஆட்டிவைக்கும் நுட்பம் ஒன்றும் ஜான்சன் கண்டதுதான். 1960-இல் டேட்டோனா 500 பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்தபோது, அவருடைய ஷெவர்லே மற்றவர்களின் பான்டியாக்கை விட மெதுவான வண்டி. ஆனால் ஒரு பான்டியாக்கின் வாலை ஒட்டி ஓட்டியபோது அதே வேகத்தில் தன்னாலும் போக முடிவதைக் கவனித்தார். முன்னால் போகும் கார் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறது. அதன் பின்புறம் காற்றழுத்தம் குறைந்திருப்பதால், பின்னால் வரும் காருக்கு எதிர்ப்பு குறைவு. முன்காருக்கும் இதில் லாபம் உண்டு. அதன் வாலைப் பின்னுக்கு இழுக்கும் சுழல் காற்று, இன்னொரு கார் ஒட்டி வந்ததும் தணிந்துவிடும். ஆக, இரண்டு கார்கள் சேர்ந்து போனால் ஒற்றைக் காரின் வேகத்தை விடக் கூடுதல் வேகம் கிடைக்கும். அந்த வருடம் டேட்டோனாவை ஜான்சன் ஜெயித்தார்.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. டேட்டோனா, டாலடேகா போன்ற நீளத் தடங்களில் யாராலும் தனியாக ஜெயிக்க முடியாது. கடைசிச் சுற்றில் பின்னால் இருப்பவர் முட்டித் தள்ளிவிட்டால்தான் முன்னால் இருப்பவருக்கு வாழ்வு. போன மாதம் நீங்கள் சுவரில் மோதவிட்ட ஆள் இன்று உங்கள் பின்னால் இருந்தால், தள்ளுவார் என்று என்ன நிச்சயம்? பகையை எவ்வளவு தூரம் வளர்க்கலாம் என்று தெரிந்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு திறமை.

கார் அப்புறம் மாறிப்போனது. இன்றைய நாஸ்கார் காருக்கும் கடைக் காருக்கும் முகச்சாயல் மட்டுமே ஒற்றுமை. கதவு திறக்காது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் காலை விட்டு உள்ளே இறங்க வேண்டும். பிறகு ஸ்டியரிங்கைப் பொருத்திக்கொள்ள வேண்டும். சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூடு. 2022-இல் வந்த மாடலில் 5.86 லிட்டர் வி-8 எஞ்சின், வந்த புதிதில் பெரும்பாலான தடங்களில் ஏறக்குறைய 670 குதிரைத்திறன். உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வெக்கையில் மூன்று, நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். டேட்டோனாவின் வளைவுகள் 31 டிகிரி சாய்ந்தவை, திருவிழாவில் மரணக் கிணறு பார்த்தவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும்.

ஓட்டுநரின் ஹெல்மெட் வாரால் கட்டப்பட்டிருக்கிறது. இருக்கை தலையின் இருபுறமும் அணைத்துப் பிடித்திருக்கிறது. திரும்பிப் பார்க்க வழியில்லை. பக்கவாட்டில் கார் வருகிறதா என்று பார்வையாளர் மாடத்தின் உச்சியில் நிற்கும் ஸ்பாட்டர்தான் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டரில், பக்கத்துக் காருக்கும் தனக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருக்கிறது என்று இன்னொருவர் சொல்லை நம்பித் திருப்புகிறார்கள். ஓட்டுநர் அணி மாறும்போது ஸ்பாட்டரையும் கூடவே கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுவதில் அதிசயமில்லை.

இந்த இருக்கைக்கு வந்துசேருவது எப்படி? பழைய வழி குடும்பம். ரிச்சர்ட் பெட்டியின் அப்பா லீ பெட்டி 1959-இல் முதல் டேட்டோனா 500-ஐ ஜெயித்தவர். முடிவுக் கோட்டில் இரண்டு கார்கள் ஒட்டி வந்ததால், புகைப்படங்களைப் பார்த்து அவர்தான் என்று அறிவிக்க மூன்று நாள் பிடித்தது. ரிச்சர்டின் மகன் கைலும் ஓட்டுநரானார், பேரன் ஆடமும் ஓட்டுநரானார். இன்னொரு வழி, பிள்ளைக்கு ஐந்து வயதிலேயே குட்டி ரேஸ் கார் வாங்கிக் கொடுப்பது. கலிஃபோர்னியாவின் ஜெஃப் கார்டன் அப்படி வந்தவர். பெரிய கார்களை ஓட்ட அங்கே வயது தடையாக இருந்ததால் குடும்பமே இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தது. பிற்பாடு நான்கு சாம்பியன் பட்டம், 93 வெற்றி. வில்லியம் பைரன் கதை இன்னும் புதுசு. வீட்டுக் கணினியில் பந்தய விளையாட்டு ஆடிப் பழகிவிட்டு, பதினைந்து வயதில்தான் நிஜத் தடத்தில் இறங்கினார். 2024, 2025 இரண்டு வருடமும் டேட்டோனா 500 அவருக்கே.

எந்த வழியில் வந்தாலும் சனிக்கிழமை இரவு உள்ளூர்த் தடங்கள், பிறகு பிக்கப் லாரிகளின் டிரக் தொடர், இரண்டாம் நிலைத் தொடர், கடைசியில் கப் தொடர் என்று ஏற வேண்டும். உச்சியில் பங்கேற்பு உறுதியான இடங்கள் 36 மட்டுமே. அவை 2016 முதல் அணி முதலாளிகளின் சொத்து, ஓட்டுநருக்கு அதில் பங்கில்லை. பணமோ காரின் மேல் பெயர் ஒட்டும் ஸ்பான்சரிடமிருந்து வருகிறது. ஸ்பான்சர் விலகினால், நேற்று ஜெயித்தவருக்கும் நாளை கார் இல்லாமல் போகலாம். கையில் ஸ்பான்சரோடு வரும் இளைஞனுக்கு, கொஞ்சம் மெதுவாக ஓட்டினாலும் மரியாதை. மிசூரி மாநிலத்தில் தற்காலிக ஆசிரியராக வேலை பார்த்த கார்ல் எட்வர்ட்ஸ், ஓட்டுநர் வேண்டுமா என்று விசிட்டிங் கார்டு அடித்துப் பார்ப்பவர்களிடமெல்லாம் நீட்டினார். அவருக்கு அது பலித்தது.

சங்கம் வைக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 1961-இல் கர்ட்டிஸ் டர்னரும் டிம் ஃப்ளாக்கும் முயன்றார்கள். பில் பிரான்ஸ் இருவருக்கும் ஆயுள் தடை போட்டார். நான்கு வருடம் கழித்துத் தடை நீங்கியதும் டர்னர் திரும்பி வந்து ராக்கிங்ஹாம் தடத்தில் ஜெயித்தார். சங்கம் மட்டும் வரவே இல்லை. இன்றும் ஓட்டுநர்கள் ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்தக்காரர்கள்.

வெண்டெல் ஸ்காட்டுக்கு இவற்றின் மேல் இன்னொரு சுமையும் இருந்தது. வர்ஜீனியாவின் டான்வில் ஊர்க் கறுப்பினத்தவர். டாக்சி ஓட்டியவர், சாராயம் கடத்தியவர். தானே மெக்கானிக், பிள்ளைகளே பிட் ஊழியர்கள். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் ஜெயித்தார். ஆனால் அதிகாரிகள் பக் பேக்கரை வெற்றியாளராக அறிவித்துக் கோப்பையையும் கொடுத்து அனுப்பினார்கள். மைதானம் காலியான பிறகு, சுற்றை எண்ணியதில் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். 1990-இல் ஸ்காட் இறக்கும்வரை முறையான கோப்பை கைக்கு வரவில்லை. 2021-இல் அவர் குடும்பத்திடம் கொடுத்தார்கள். சுற்றை எண்ணுவதில் வந்த பிழை என்று இதை நம்ப ரொம்ப நல்ல மனசு வேண்டும்.

அதிர்ஷ்டம் இந்தத் தொழிலில் எப்படி விளையாடும் என்பதற்கு டேட்டோனா 500-இன் இரண்டு வெற்றியாளர்கள் போதும். டிரெவர் பெய்ன் 2011-இல் ஜெயித்தபோது இருபது வயது முடிந்து ஒரு நாள். கப் தொடரில் அது அவருக்கு இரண்டாவது பந்தயம்! நட்சத்திரம் உதித்துவிட்டது என்று எல்லாரும் எழுதினார்கள். அதற்குப் பிறகு அவர் கப் பந்தயம் எதையும் ஜெயிக்கவில்லை. 2018-க்குப் பின் கப் இருக்கை கிடைக்காமல் காபித் தொழிலுக்குப் போய்விட்டார்.

மைக்கேல் மெக்டவல் இதற்கு நேர்மாறு. 2008-இல் டெக்சாஸில் தகுதிச் சுற்றின்போது சுவரில் மோதி, கார் உருண்டு உருண்டு நின்றது. நடந்தே வெளியே வந்தார். பிறகு பல வருடம் அவருக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. பந்தயத்துக்குத் தகுதி பெற்று, சில சுற்று ஓட்டி, ஏதோ கோளாறு என்று காரை ஓரங்கட்டிவிடுவது. கடைசி இடத்துக்கும் பரிசுப் பணம் உண்டு, டயரும் எஞ்சினும் மிச்சம். அன்றைய ஏழை அணிகளின் பிழைப்பு அது. குழந்தைகளுக்குச் சோறு போட அதையும் செய்ய வேண்டியிருந்தது. 2021 டேட்டோனாவின் கடைசிச் சுற்றில், முன்னால் போன இருவரும் ஒருவரோடொருவர் மோதிச் சிதறினார்கள். நடுவே புகுந்து மெக்டவல் ஜெயித்தார். அது அவருடைய 358-ஆவது கப் பந்தயம்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு வட்டத் தடம் அவ்வளவு லேசில் வசப்படுவதில்லை. ஃபார்முலா 1-இல் பெயரெடுத்த கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ மொன்டோயா இங்கே ஜெயித்த இரண்டு கப் பந்தயங்களும் வளைந்து நெளியும் சாலைத் தடங்களில்தான். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் டிரக் தொடரில் ஓட்டியிருக்கிறார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில்லில், சுமார் 850 மீட்டர் சுற்றளவுள்ள சின்னத் தடம், எந்நேரமும் பம்பர் இடிக்கும் இடம். 13-ஆவதாக வந்தார். அந்த வருடத்தின் அபிமான ஓட்டுநராக ரசிகர்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் ஒரு சீசனோடு முடிந்துபோனது.

சிலருக்குத் தொழிலோடு உயிரும் போனது. 2000 மே மாதம் பெட்டி வீட்டின் நான்காம் தலைமுறை, ஆடம், பயிற்சியில் இறந்தார். வயது 19. அதே வருடம் இன்னும் இருவர் போனார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று, டேட்டோனாவின் கடைசிச் சுற்றில், ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட். பார்த்தவர்களுக்கு அது சாதாரண மோதலாகத்தான் தெரிந்தது. ஆபத்து வேகத்தில் மட்டும் இல்லை. கார் சுவரில் நின்றுவிடும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்கிறது. கட்டில்லாத தலை மட்டும் முன்னோக்கிப் பாய்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துபோகிறது. தோளில் மாட்டும் ஒரு பட்டையும் அதிலிருந்து ஹெல்மெட்டுக்குப் போகும் இரண்டு வார்களும் இதைத் தடுத்துவிடும். அந்தக் கருவி எண்பதுகளிலேயே உருவாகியிருந்தது. கழுத்தை நெருக்கும் தொல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். எர்ன்ஹார்ட் இறந்த அதே வருடம் அக்டோபரில் அது கட்டாயமானது. பிறகு சுவர்களுக்கு முன்னால் அதிர்ச்சி தாங்கும் தடுப்பும் வந்தது. அதற்கப்புறம் கப் பந்தயத்தில் ஓட்டுநர் யாரும் சாகவில்லை.

உயிர் தப்புகிறது, மூளைக்குத்தான் இப்போது பயம். எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் ஜூனியர் தலை அதிர்ச்சியால் 2016-இன் பிற்பாதியை இழந்து, மறுவருடத்தோடு முழுநேர ஓட்டத்தை விட்டார். கர்ட் புஷ் 2022 ஜூலையில் போகோனோவில் ஒருமுறை மோதினார், கப் வாழ்க்கை அத்தோடு சரி. அந்த வருடம் வந்த புதிய காரின் பின்பக்கம் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்ததாக ஓட்டுநர்கள் குறை சொன்னார்கள். அடுத்த சீசனில் அதைத் தளர்த்தினார்கள்.

எப்போது நிறுத்துவது என்பதில் ஆளுக்கொரு வழி. பெட்டி 1984-இல் ஜெயித்ததோடு சரி, ஆனால் 1992 வரை ஓட்டினார். கூட்டம் குறையவே இல்லை. கார்ல் எட்வர்ட்ஸ் 2016-இன் கடைசிப் பந்தயத்தில், பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது மோதி வெளியேறினார். இரண்டு மாதத்தில், 37 வயதில், போதும் என்று சொல்லிவிட்டார்.

எனக்குப் பிடித்தது ஆர்கன்சாவின் மார்க் மார்ட்டின். எண்பதுகளின் தொடக்கத்தில் சொந்த அணியோடு வந்து, பணம் தீர்ந்து, சாமான்களை ஏலத்தில் விட்டார். அப்புறம் கிடைத்த வேலையும் சீசன் நடுவே போயிற்று. ஊர்ப்பக்கத் தடங்களுக்குத் திரும்பி மறுபடி முதலிலிருந்து ஏறி, 1988-இல் ஜாக் ரௌஷ் அணியில் இடம் பிடித்தார். 1990-இல் எர்ன்ஹார்ட்டிடம் பட்டத்தை 26 புள்ளியில் விட்டார். கார்புரேட்டருக்கு அடியில் வைத்த ஒரு துண்டு விதிக்குப் புறம்பானது என்று அந்த வருடம் அவருக்குக் கழித்த புள்ளிகள் 46. ஐந்து முறை இரண்டாம் இடம், பட்டம் ஒருமுறையும் இல்லை. ஐந்தாவது முறை 2009-இல். அந்த சீசனில் அவருக்கு வயது 50, ஜெயித்தது ஐந்து பந்தயம். இன்னும் நான்கு வருடம் அவருக்குக் கார் கொடுக்க ஆள் இருந்தார்கள்.